ஊரே சேர்ந்து போர்வெல்லுக்கு வரம்பு வைத்த இடம் எங்காவது இருக்கிறதா?

மேட்டுக்காடு எழுதியது:

வணக்கம் நண்பர்களே. எங்கள் ஊர் பல்லடத்துக்குத் தெற்கே. வாய்க்கால் பாசனம் கொஞ்சம்தான், அதுவும் பிஏபி (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டம்) மண்டல முறையில் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வரும் தண்ணீர், மற்றபடி எல்லாமே கிணறும் போரும்தான். எங்கள் அப்பா காலத்தில் பங்குக் கிணறுகள் நிறைய இருந்தன. அண்ணன் தம்பி, பங்காளி என்று நாலைந்து குடும்பம் முறை வைத்து இறைப்பார்கள், முறை தவறினால் சண்டை வரும், பிறகு பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடிப்பார்கள். இப்போது அந்தக் கிணறுகள் எல்லாம் வற்றிப்போய், ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போர் போட்டுவிட்டோம். ஒருவர் 600 அடி போட்டால் பக்கத்துத் தோட்டத்துக்காரர் 800 போடுகிறார், அடுத்தவர் ஆயிரத்துக்குப் போகிறார். கடன் வாங்கிப் போட்ட போர் இரண்டே வருடத்தில் புகை மட்டும் கக்குகிறது. போன கோடையில் குடிக்கிற தண்ணீருக்கே ஊராட்சி போரில் மோட்டார் இழுக்கவில்லை.

ஊரில் நான்கைந்து பேர் சேர்ந்து பேசினோம். இனிமேல் புதுப் போர் வேண்டாம், இருக்கிற தண்ணீரை அளவு வைத்துப் பயன்படுத்தலாம் என்று ஒரு கட்டுப்பாடு கொண்டுவர முடியுமா என்பதுதான் பேச்சு. உடனே ஒருவர் கேட்டார், "உங்க தோட்டத்துல போர் இருக்கு, நீங்க பேசுவீங்க, எனக்கு இனிமேத்தான் போடணும், நான் ஏன் ஒத்துக்கணும்?" அதற்கு எங்களிடம் பதில் இல்லை. இன்னொருவர், தடுப்பணை கட்டினால் போதும், கட்டுப்பாடு எல்லாம் தேவையில்லை என்கிறார்.

இப்படி ஊர் சேர்ந்து செய்து நிலைத்த இடம் எங்காவது உண்டா? எப்படித் தொடங்கினார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வெறும் நம்பிக்கை வார்த்தை வேண்டாம், உண்மையில் நடந்தது வேண்டும்.


பாறையும்நீரும் எழுதியது:

முதலில் தடுப்பணை விஷயத்தை முடித்துவிடலாம். தடுப்பணை நல்லதுதான், ஆனால் உங்கள் ஊரில் அது மட்டும் கணக்கைச் சரிசெய்யாது. தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ 73 விழுக்காடு கடினப் பாறை. உங்கள் பக்கமும் அதுதான். மணல் பூமியில் இருப்பதுபோல அடியில் பெரிய நீர்த்தேக்கம் எதுவும் இல்லை. மேலே மக்கிய பாறை கொஞ்சம், அதற்குக் கீழே வெடிப்புகளில் நிற்கும் தண்ணீர், அவ்வளவுதான். ஆழம் போகப் போக வெடிப்புகளும் குறையும். ஆயிரம் அடியில் கிடைத்தது என்று ஒருவர் சொல்கிறார் என்றால், பெரும்பாலும் அது மேலே இருந்து அதே வெடிப்பு வழியாக இறங்கிய தண்ணீர். பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு வரவேண்டியதை இவர் கீழேயிருந்து இழுக்கிறார்.

கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். உங்கள் பக்கம் வருடத்துக்கு 700 மில்லிமீட்டர் மழை என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஏக்கரில் அது 28 லட்சம் லிட்டர். கடினப் பாறைப் பகுதியில் அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் நிலத்தடிக்குப் போகும், அதாவது 2.8 லட்சம் லிட்டர். இப்போது ஒரு ஏக்கர் தென்னையை எடுங்கள். 70 மரம், சொட்டுநீரில் மரத்துக்கு ஒரு நாளைக்கு 80 லிட்டர், மழை இல்லாத எட்டு மாதம். 13 லட்சம் லிட்டருக்கு மேல் வருகிறது. ஒரு ஏக்கர் தென்னைக்கு ஐந்து ஏக்கரில் இறங்குகிற மழைத் தண்ணீர் வேண்டும். நெல் என்றால் 1,200 மில்லிமீட்டர் தேவை என்று கொண்டாலே 48 லட்சம் லிட்டர், பதினேழு ஏக்கர் மழை. வயலில் விட்டதில் ஒரு பங்கு திரும்பக் கீழே இறங்கும் என்று கழித்தாலும் கணக்கு பெரிதாக மாறாது.

இந்தக் கணக்கை ஊரில் எத்தனை பேர் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்? யாரும் கெட்ட எண்ணத்தோடு அதிகமாக இறைப்பதில்லை. கீழே எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, அடுத்தவர் எடுப்பதற்குள் நாம் எடுத்துவிட வேண்டும் என்ற பயம் மட்டும் எல்லோருக்கும் இருக்கிறது. ஏரி என்றால் தண்ணீர் குறைவதைக் கரையில் நின்று பார்க்கலாம். போரில் மோட்டார் காற்று வாங்கும்போதுதான் தெரிகிறது. அதனால் கட்டுப்பாடு பேசுவதற்கு முன்னால் அளவெடுங்கள். கயிற்றில் கல்லைக் கட்டிப் பழைய கிணறுகளின் நீர்மட்டத்தை மாதம் ஒரு தடவை அளந்து, கோயில் சுவரிலோ ஊராட்சி அலுவலகச் சுவரிலோ எழுதிப் போடுங்கள். ஒரு மழைமானி வையுங்கள். ஒரு வருடம் இதை மட்டும் செய்தாலே ஊரின் பேச்சு மாறும்.

சொட்டுநீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிறு, குறு விவசாயிக்கு 100 விழுக்காடு மானியம் இருக்கிறது, கட்டாயம் போடுங்கள். ஆனால் மிச்சமான தண்ணீரில் இன்னும் இரண்டு ஏக்கர் தென்னை வைத்தால் நிலத்துக்கு ஒரு சொட்டும் மிச்சமாகாது. இதைப் பல ஊர்களில் பார்த்தாயிற்று.


கண்மாய்க்கரை எழுதியது:

எங்களுடையது சிவகங்கைப் பக்கம். கிணற்றைப் பற்றி எனக்குப் பெரிதாகத் தெரியாது, கண்மாயைப் பற்றிச் சொல்கிறேன், உங்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

எங்கள் கண்மாயில் மடையைத் திறக்கும் உரிமை நீர்பாய்ச்சிக்கு மட்டும்தான் இருந்தது. ஊர்ப் பெரிய ஆள் என்றாலும் தன் வயலுக்குத் தானே மடை திறக்க முடியாது. தண்ணீர் தாராளமாக இருக்கும் வருடம் அவரவர் பாய்ச்சிக்கொள்வார்கள். கண்மாய் பாதிக்கு இறங்கிவிட்டால் ஊர் கூடி, இனி நீர்பாய்ச்சி கையில் விடுவது என்று முடிவெடுப்பார்கள். அதன்பிறகு எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்று அவர்தான் பார்ப்பார், சொந்தக்காரன் வரப்பில் நின்று வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான். கூலி நெல்லாகக் கொடுப்பார்கள், அறுவடையில் எல்லா வயலிலிருந்தும் அவருக்குப் பங்கு உண்டு, அதனால் எந்த வயல் காய்ந்தாலும் அவருக்கும் நஷ்டம். இந்த ஏற்பாட்டை யார் யோசித்தார்களோ, அவர்கள் கெட்டிக்காரர்கள்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. நீர்பாய்ச்சியாக இருந்தவர்கள் பெரும்பாலும் தலித் குடும்பத்தினர். ஊரின் மொத்தத் தண்ணீரும் அவர்கள் கையில் இருந்தது, நிலம் மட்டும் அவர்களிடம் இல்லை. இன்று அந்த வீட்டுப் பிள்ளைகள் அந்த வேலைக்கு வர மறுக்கிறார்கள் என்றால் அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் யோக்கியதை இல்லை.

இந்த முறை எப்படிக் கலைந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்விக்கு அதுதான் முக்கியம். ஆயக்கட்டுக்குள் வசதியானவர்கள் முதலில் கிணறு வெட்டினார்கள், அப்புறம் போர் போட்டார்கள். அவர்களுக்குக் கண்மாய்த் தண்ணீர் வந்தால் வரட்டும், வராவிட்டால் மோட்டார் இருக்கிறது. வரத்துக்கால் தூர் எடுக்க ஊர் கூப்பிட்டால் அவர்கள் வருவதில்லை. அவர்கள் வராததைப் பார்த்து மற்றவர்களும் விட்டார்கள். கரையில் சீமைக்கருவேலம் ஏறியது. 2017 வாக்கில் குடிமராமத்துத் திட்டத்தில் அரசுப் பணம் வந்து தமிழ்நாடு முழுக்கப் பல கண்மாய்களைத் தூர்வாரினார்கள், மண் போயிற்று, கரை உயர்ந்தது, ஆனால் மடைக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் இன்றும் எங்கள் ஊரில் பதில் இல்லை. தனியாக ஒரு வழி கிடைத்தவுடன் பொதுவை விட்டுவிட்டுப் போகிறவர்கள் யார் என்று பாருங்கள். அவர்களை உள்ளே இழுக்காமல் எந்தக் கட்டுப்பாடும் நிற்காது.


வழக்குக்கட்டு எழுதியது:

கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன், மன்னிக்கவும். ஊர்க் கட்டுப்பாட்டுக்குச் சட்டத்தில் கால் இல்லை. 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் தொட்டே நிலத்தின் சொந்தக்காரர் தன் நிலத்தடியில் இருக்கும் தண்ணீரை எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் நிலை. நாளைக்கு ஒருவர் போர் போடும் ரிக் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால் நீங்கள் என்ன செய்வீர்கள்? தமிழ்நாட்டில் 2003-இல் நிலத்தடி நீர்ச் சட்டம் ஒன்று கொண்டுவந்தார்கள், அது நடைமுறைக்கே வராமல் 2013-இல் திரும்பப் பெறப்பட்டது. அதோடு மின்சாரம் இலவசம். எடுப்பதற்குச் செலவே இல்லாத பொருளை அளவோடு எடு என்று நான்கு பேர் பேசி நிறுத்த முடியுமா?

இலவச மின்சாரத்தை நிறுத்தச் சொல்லவில்லை. அதை நிறுத்தினால் முதலில் சாகிறவன் சிறு விவசாயிதான். ஆனால் அரசு செய்யக்கூடியவை இருக்கின்றன. பஞ்சாபில் 2009-இல் சட்டம் போட்டு, ஜூன் 10-க்கு முன்னால் நெல் நடவு கூடாது என்றார்கள், கடும் வெயிலில் ஆவியாகப் போகும் தண்ணீரை மிச்சம் பிடிக்க. குஜராத்தில் விவசாயத்துக்குத் தனி மின்பாதை போட்டு, ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், ஆனால் முழு அழுத்தத்தில், சொன்ன நேரத்தில் கொடுத்தார்கள். நம் பக்கம் மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று தெரியாததால் ஆட்டோ ஸ்டார்ட்டரைப் போட்டுவிட்டுத் தூங்குகிறோம், ராத்திரி முழுக்க ஓடுகிறது.

எல்லா இடத்திலும் ஊர் மேல் பொறுப்பைப் போட்டுவிட்டு அரசு கைகழுவுவது எனக்குப் பிடிக்கவில்லை.


முகத்துவாரம் எழுதியது:

பழவேற்காட்டுக்காரன் நான். வழக்குக்கட்டு ஐயா சொல்வதில் பாதிதான் சரி. சட்டம் இல்லாமலும் கட்டுப்பாடு நிற்கும், நாங்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்திருக்கிறோம்.

எங்கள் ஏரியில் பாடு முறை என்று ஒன்று உண்டு. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இறால் கடலுக்குப் போகிற வழியில் சில இடங்கள் மட்டும் நல்ல பிடிப்புத் தரும். எல்லோரும் அங்கேயே வலை வைத்தால் ஒருவருக்கும் எதுவும் கிடைக்காது, அடிதடிதான் மிஞ்சும். அதனால் இன்றைக்கு எந்த ஊர், அந்த ஊருக்குள் எந்தத் தலைக்கட்டு என்று முறை வைத்திருக்கிறோம். நல்ல இடம் இன்றைக்கு எனக்குக் கிடைத்தால் நாளைக்கு வேறொருவருக்கு. முறை இல்லாத நாளில் அங்கே போய் வலை போட்டால் கேள்வி கேட்பது போலீஸ் இல்லை, அன்றைக்கு முறை உள்ளவனே கேட்பான், ஏனென்றால் போவது அவன் பிடிப்பு. காவலுக்குத் தனியாக ஆள் தேவையில்லை. துருக்கியில் அலன்யா என்கிற ஊர் மீனவர்களும் இதேபோல் சீட்டுக் குலுக்கி, இடங்களைப் பட்டியல் போட்டு, தினமும் ஒவ்வொரு இடமாக நகர்ந்து மீன் பிடித்தார்கள். 2009-இல் பொருளாதாரத்துக்கான நோபல் வாங்கிய எலினோர் ஆஸ்ட்ரம் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்தப் பரிசை வாங்கிய முதல் பெண் அவர். பொதுச் சொத்து என்றால் நாசமாகத்தான் போகும், ஒன்று அரசு எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லை தனியாருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 1968-இல் ஹார்டின் என்பவர் எழுதியதைப் படித்தவர்கள் எல்லாம் நம்பிக்கொண்டிருந்தபோது, மக்களே விதி போட்டு நூற்றுக்கணக்கான வருடம் நடத்திய இடங்களைத் தேடித் தேடி எடுத்துக் காட்டியவர்.

ஆனால் எங்கள் பாடு முறையிலும் குறை உண்டு. அது சில ஊர்களுக்கும் ஒரு சாதிக்கும் மட்டுமான உரிமையாக இருந்தது. பின்னால் மீன்பிடிக்க வந்த மற்ற ஊர்க்காரர்கள், மற்ற சாதிக்காரர்கள், எங்களுக்கும் பங்கு வேண்டும் என்று கேட்டபோது பெரிய மோதல்கள் வந்தன. அவர்கள் கேட்டது நியாயம். வெளியே நிறுத்தப்பட்டவனுக்கு உங்கள் விதியை மதிக்க ஒரு காரணமும் இல்லை. உங்கள் ஊரில் "எனக்கு இனிமேத்தான் போடணும்" என்று கேட்டவரை எதிரியாகப் பார்க்காதீர்கள், அவருக்குத் தண்ணீர் கொடுக்காமல் போர் போடாதே என்று சொல்வது அநியாயம்.

அரசு வேண்டும் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். முகத்துவாரம் தூர்ந்துபோனால் எங்கள் பாடு முறை என்ன செய்ய முடியும்? கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடை அரசு போட்டது. பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று பிரித்ததும் மோதல்களுக்குப் பிறகு அரசும் மீனவரும் உட்கார்ந்து பேசி வந்ததுதான்.


செம்மண் எழுதியது:

மேட்டுக்காடு, நீங்கள் கேட்ட "உண்மையில் நடந்தது" இரண்டைச் சொல்கிறேன். வேலை நிமித்தமாக ஆந்திராவில் இருந்தவன்.

மகாராஷ்டிரத்தில் ஹிவ்ரே பஜார் எல்லோருக்கும் தெரிந்த கதை. அகமத்நகர் (இப்போது அகில்யாநகர்) மாவட்டம், மழை 400 மில்லிமீட்டர் அளவுதான், உங்கள் ஊரைவிட மோசம். 1990 வாக்கில் போபட்ராவ் பவார் ஊராட்சித் தலைவரானார், பின்னாளில் 2020-இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். அங்கே போய்ப் பார்ப்பவர்கள் வரப்பு, குட்டை, மரம் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். ஆனால் அந்த ஊரை நிலைநிறுத்தியது கிராம சபையின் விதிகள். பாசனத்துக்குப் போர் கிடையாது. கரும்பும் வாழையும் கிடையாது. ஒவ்வொரு வருடமும் மழைக்குப் பிறகு ஊரின் தண்ணீர்க் கணக்கைப் போட்டு, முதலில் குடிநீருக்கு, அடுத்து கால்நடைக்கு ஒதுக்கி, மீதி எவ்வளவோ அதற்குத் தகுந்த பயிர் என்று சபையில் சொல்கிறார்கள். மழை குறைந்த வருடம் பயிரும் குறையும். நீர் சேகரிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு விதிகளை விட்டுவிட்ட ஊர்களில் இரண்டு நல்ல மழைக்குப் பிறகு எல்லோரும் பணப்பயிருக்குத் தாவி, பழைய இடத்துக்கே வந்து நின்றார்கள்.

இரண்டாவது, உங்கள் ஊர்க்காரர் கேட்ட கேள்விக்கு நேரடிப் பதில். ஆந்திராவின் அனந்தபுரம் மாவட்டத்தில் சில சிற்றூர்களில் போர் உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். போர்களைக் குழாய் போட்டு ஒன்றாக இணைத்தார்கள். போர் இல்லாதவரின் மானாவாரிக் கடலை, மழை தவறிக் காயும் சமயத்தில் அந்தக் குழாயிலிருந்து ஒன்றிரண்டு தடவை தண்ணீர் கொடுப்பார்கள். பதிலுக்கு அவர் பல வருடங்களுக்குப் புதுப் போர் போடுவதில்லை என்று ஒத்துக்கொள்வார். போர் உள்ளவருக்கு என்ன லாபம் என்றால், பக்கத்தில் புதுப் போர் வராது, தன் போர் வற்றாது, தன் மோட்டார் பழுதானாலும் குழாயில் தண்ணீர் வரும். கடலைக்குக் காய் பிடிக்கும் நேரத்தில் ஒரு தண்ணீர் கிடைப்பதும் கிடைக்காததும் மகசூலுக்கும் வெறும் கொடிக்கும் உள்ள வித்தியாசம், இது உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. குழாய்ச் செலவுக்கு அங்கே திட்டப் பணம் உதவியது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அளவெடுப்பதைப் பற்றிப் பாறையும்நீரும் சொன்னது ஆந்திராவில் ஏழு மாவட்டங்களில் பெரிய அளவில் நடந்தது. விவசாயிகளே கிணற்றை அளந்து, மழையைக் குறித்து, ரபி என்கிற குளிர்காலப் பயிர்ப் பருவத்துக்கு முன் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்கள். யாரையும் யாரும் தடுக்கவில்லை. கணக்கைப் பார்த்தபிறகு பலர் தாங்களாகவே நெல்லைக் குறைத்தார்கள்.


மேட்டுக்காடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக இதையே படித்துக்கொண்டிருக்கிறேன். போர் இல்லாதவர்களுக்குக் கொடுக்காமல் கேட்க முடியாது என்பது எங்களுக்கு இதுவரை தோன்றவே இல்லை. இந்த ஒப்பந்த யோசனையை அந்த நண்பரிடமே முதலில் கொண்டுபோகிறேன்.

இரண்டு சந்தேகம். ஊரில் தோட்டம் வாங்கிய வெளியூர்க்காரர் ஒருவர் பெரிய பண்ணைக்குட்டை வெட்டி, பிளாஸ்டிக் தாள் விரித்து, போர்த் தண்ணீரை இறைத்து நிரப்புகிறார். அவரை எப்படிப் பேசுவது? அப்புறம், வறண்ட கிணற்றில் எதை அளப்பது?


பாறையும்நீரும் எழுதியது:

தாள் விரித்த குட்டையில் போர்த் தண்ணீரை நிரப்புவது கீழே பத்திரமாக இருந்ததை வெயிலில் வைத்து ஆவியாக்குவது. அவர் மழைநீரைச் சேர்த்தால் யாரும் எதுவும் சொல்லப் போவதில்லை. அவரையும் அளவெடுக்கும் குழுவில் சேருங்கள். அவர் போட்ட பணம்தான் ஊரிலேயே அதிகம், போர் வற்றினால் அதிகம் இழப்பவரும் அவரே. கணக்கு சுவரில் ஏறியபிறகு பேசினால் பேச்சு அவரைப் பற்றியதாக இருக்காது, தண்ணீரைப் பற்றியதாக இருக்கும். கிணறு முழுக்க வற்றியிருந்தால், தண்ணீர் வராமல் விட்டுவைத்த பழைய போர்களில் இரண்டு மூன்றைத் தேர்ந்தெடுங்கள். மூடியைக் கழற்றி அளந்துவிட்டு உடனே திரும்ப இறுக்கமாக மூடிவிடுங்கள், குழந்தைகள் இருக்கும் ஊர். மோட்டார் ஓடும் போருக்குப் பக்கத்தில் அளக்காதீர்கள், மட்டம் தப்பாகக் காட்டும். பருவமழைக்கு முன் ஒன்று, தை மாதம் ஒன்று, இந்த இரண்டும் கட்டாயம்.


வழக்குக்கட்டு எழுதியது:

மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தன்று தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. அதற்குள் சில மாத அளவு கையில் இருந்தால் அன்றைக்கே வையுங்கள். குடிநீருக்கான ஊராட்சிப் போரைச் சுற்றி இவ்வளவு தூரத்துக்குள் புதுப் போர் வேண்டாம் என்ற ஒரு தீர்மானத்தில் தொடங்குங்கள், குடிநீர் என்றால் எதிர்ப்பவர் குறைவு. தீர்மான வாசகம் எழுத உதவி வேண்டுமென்றால் இங்கேயே கேளுங்கள், எழுதித் தருகிறேன்.